சேருமிடம்

“அக்கா, நான் உள்ள வந்துட்டேன். யாரையும் காணோமே?”

திரைச்சீலை தைக்கக் கொடுத்திருந்த பெண் போனில் இப்படிக் கேட்டபோது, தையல்காரி தன் வீட்டு முன்னறையில்தான், மெஷினுக்கு முன்னால்தான், உதடுகளுக்கு நடுவில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்தாள். வாசல் கதவு பாதி திறந்து கிடந்தது. அதன் வழியே காலையிலிருந்து விடாமல் கொட்டுகிற மழையின் சத்தமும், ஈரம் ஏறிய சுவரின் சுண்ணாம்பு வாடையும், இஸ்திரிப் பெட்டிக்கடியில் சூடேறிய துணியின் மணத்தோடு கலந்து அறை முழுக்க நிறைந்திருந்தன. அறையில் அவளைத் தவிர வேறு ஆள் இல்லை.

ஊசிகளை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு, “எந்த வீட்டுக்குள்ள போயிட்டீங்க?” என்றாள்.

“உங்க வீடுதான்க்கா. மேப் போட்டுத்தான் வந்தேன். மெஷின் இருக்கு, சுவத்துல ஆளுயரக் கண்ணாடி இருக்கு. சாம்பல் கலர் பேண்ட் ஒண்ணு ஊசிக்குக் கீழ பாதி தச்சபடி நிக்குது.”

தையல்காரி குனிந்து பார்த்தாள். வங்கி வாட்ச்மேனின் சாம்பல் நிறப் பேண்ட். ஓரம் மடித்து, பாதி ஓட்டி, ஊசி இறங்கியபடி நின்றது.

“நாற்காலியில யார் இருக்கா?”

“யாருமில்ல. காலியாத்தான் இருக்கு.”

ஏதோ விளையாட்டு என்று அவள் சிரித்துவைத்தாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. “மழை விடற வரைக்கும் இப்படி உக்காந்திருக்கேன்க்கா. நீங்க மெதுவா வாங்க,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நாற்காலி இழுபடும் சத்தம் போனில் கேட்டது. இங்கே எந்த நாற்காலியும் அசையவில்லை.

அன்று கடை மூடும்வரை அந்தப் பெண் வரவில்லை.

கடையை மேப்பில் ஏற்றிக் கொடுத்தது கொழுந்தன். ஒரு விடுமுறை நாளில் வந்திருந்தபோது, “அண்ணி, இதுல போட்டுட்டா போதும். பட்டனை அமுக்கினா உங்களுக்குப் போன் வரும், இன்னொண்ணை அமுக்கினா வாசல் வரைக்கும் வழி காட்டும்,” என்று அவள் போனை வாங்கித் தட்டிக்கொண்டிருந்தான். மேப் வழியாக வருகிற அழைப்புகளில் எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி தெரியும் என்றும் காட்டினான். பக்கத்தில் படுத்திருந்த அவள் கணவன் கண்ணைத் திறக்காமலே, “ஆமா, ஊரே வழி கேட்டு வரிசைல நிக்குது,” என்றான்.

அவன் லிப்ட் மெக்கானிக். உயரமான கட்டிடங்களின் இருட்டுக் குழிகளுக்குள் கம்பிக் கயிறுகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிறவன். குழிக்குள் இருக்கும்போது போன் எடுக்க முடியாது என்பது கல்யாணமான புதிதில் உண்மையாக இருந்தது. பிறகு அதுவே வழக்கமாகி, குழிக்கு வெளியே இருக்கும்போதும் அவள் அழைப்பை எடுக்க முடியாமல் போய்விட்டது. அவர்களுக்குள் பேச்சு எப்போது நின்றது என்று இருவருக்குமே தெரியாது. சண்டை போட்டு நின்றிருந்தால் சமாதானம் பேசியிருக்கலாம். சோறு வேணுமா, போதும், சாவி எங்க, அங்கதான். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் மட்டும் இரண்டு பேருக்கும் நடுவில் ஓடி ஓடிப் பேசிக்கொண்டிருப்பாள், ரயில் நிலையத்தில் இரண்டு பிளாட்பாரத்துக்கும் நடுவே போய்வருகிற ஆள் மாதிரி.

கடை மேப்பில் ஏறிய பிறகு உண்மையிலேயே ஆட்கள் வந்தார்கள். புதுப்புது முகங்கள். அப்புறம் மழைக்காலம் தொடங்கியபோது போனில் ஒரு செய்தி வந்தது: உங்கள் கடை இருக்கும் இடத்தை ஒருவர் திருத்தியிருக்கிறார், சரிதானா? அவள் கை நிறையத் துணி. கட்டைவிரலின் பின்பக்கத்தால் ‘ஆம்’ என்பதைத் தள்ளிவிட்டு மறந்துபோனாள்.

அந்தப் பெண் போன் செய்த மறுநாள் நல்ல வெயில். வாட்ச்மேனின் பேண்டை முடித்து மடித்து வைத்திருந்தாள். போன் ஒலித்தது. சிவப்புப் புள்ளி.

“தங்கச்சி, பேண்டுக்கு வந்தேன். நீ எங்க போயிட்ட? இங்க ஒரு பொண்ணு வேற ரொம்ப நேரமா உக்காந்திருக்கு போல.”

அவள் எழுந்து நின்றாள். வாசலில் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் போனுக்குள், வாட்ச்மேனின் குரலுக்குப் பின்னால், மழை பெய்துகொண்டிருந்தது.

“அந்தப் பொண்ணுகிட்ட போனைக் குடுங்கண்ணே.”

போன் கைமாறியது.

“நேத்துலேர்ந்து அங்கயா இருக்கீங்க?”

“நேத்தாக்கா? இப்பத்தானே வந்தேன். மழையே இன்னும் விடல.”

“வீட்டுல தேட மாட்டாங்களா?”

“யாரு?” என்றாள் அந்தப் பெண். கேலி இல்லை, தெரியாமல்தான் கேட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “எதுக்கு வந்தேன்னே மறந்துபோச்சுக்கா. ஏதோ துணி விஷயம்,” என்றாள்.

“முதல்ல அங்கேர்ந்து கிளம்புங்க. கதவைத் திறந்து வெளிய போங்க.”

“எந்தக் கதவு? இங்க இருக்கறது ஒரே கதவுதான். அது உள்ரூமுக்குப் போகுது.”

தையல்காரி திரும்பிப் பார்த்தாள். போனைக் காதில் வைத்தபடியே உள்ளறையை நோக்கி நடந்தாள். கட்டில், பீரோ, கொடியில் மகளின் சீருடை. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

“ஆங், இருக்கீங்களே. உள்ள நடக்கறது கேக்குதே,” என்றாள் அந்தப் பெண் நிம்மதியாக.

தையல்காரி சட்டென்று நின்றாள். மூச்சையும் பிடித்துக்கொண்டாள். “இப்ப கேக்குதா?”

“கேக்குது. நடந்துக்கிட்டேதானே இருக்கீங்க.”

அவள் நின்றுகொண்டிருந்தாள். பாதங்கள் இரண்டும் குளிர்ந்த தரையில் ஒட்டிக் கிடந்தன.

“அது நான் இல்ல,” என்றாள்.

அதற்குள் போன் மறுபடி வாட்ச்மேன் கைக்குப் போயிருந்தது. “அவங்க நல்லவங்களாத்தான் தெரியறாங்க தங்கச்சி. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து பேசறாங்க. எந்த ஊரு, எத்தனை பிள்ளைங்க, எல்லாம் அக்கறையாக் கேக்கறாங்க. நம்மளை இப்படி யாரு கேக்கறா, சொல்லு?” இணைப்பு அறுந்தது.

அவள் கடையைப் பூட்டிவிட்டு, மடித்த பேண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வங்கிக்கு ஓடினாள். வாட்ச்மேன் எப்போதும் உட்காரும் ஸ்டூல் அங்கே இல்லை. வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்த வங்கி ஊழியர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“வாட்ச்மேனா? இங்க அப்படி ஆளே போடலையேம்மா.”

“மீசை வெச்சிருப்பாரு சார். இடது கால் கொஞ்சம் சாய்ச்சு நடப்பாரு. நீங்ககூட அவர்கிட்ட நின்னு பேசிக்கிட்டிருப்பீங்க, நான் பாத்திருக்கேன்.”

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். முகத்தில் ஒரு கணம் ஏதோ அசைந்து, பிடி கிடைக்காமல் நழுவிப்போனது. “இல்லம்மா. வேற பேங்க்கா இருக்கும்.”

அவள் கையில் பேண்ட் இருந்தது. இடது கால் ஒரு விரற்கடை குட்டையாக, அவள் அளவெடுத்துத் தைத்தது.

அன்று சாப்பிடும்போது கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இவ்வளவு நீளமாக அவனிடம் பேசி எவ்வளவோ காலமாகியிருந்தது. பாதியில் நாக்குக் குழறியது. அவன் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடித்துக் கை கழுவினான்.

“ரெண்டு பேரும் சும்மாதானே உக்காந்திருக்காங்க? நாளைக்குப் போன் பண்ணாங்கன்னா எனக்கு ஒரு டீ போட்டு வைக்கச் சொல்லு. நான் வரும்போது இந்த வீட்டுல அதுகூட இருக்கறதில்ல.”

மகள் ஒன்றும் புரியாமல் சிரித்தாள். அப்பா சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

கொழுந்தனை அழைத்துக் கடையை மேப்பிலிருந்து எடுக்கச் சொன்னாள். அவன் காரணம் கேட்கவில்லை. “எடுத்துட்டேன் அண்ணி. இனிமே யார் தேடினாலும் வராது,” என்றான். போனை வைத்த கையோடு அவள் தேடிப் பார்த்தாள். வந்தது. விரல்களால் படத்தைப் பெரிதாக்கினாள். தெரு, பக்கத்து வீடு, தன் வீட்டுக் கூரை. சிவப்புப் புள்ளி கூரை மேல் இல்லை. முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவில், சுவரின் கனத்துக்குள் நின்றது.

அதன் பிறகு சிவப்புப் புள்ளியோடு வந்த எந்த அழைப்பையும் அவள் எடுக்கவில்லை. அவை வந்துகொண்டேதான் இருந்தன. தெரியாத எண்கள். துணி வெட்டும்போது, குழம்பு கொதிக்கும்போது, மகளின் தலை பின்னும்போது. மேசை மேல் போன் அதிர்ந்து அதிர்ந்து ஓயும். ஓய்ந்த பிறகு அவள் அறியாமலே காது சுவர்ப் பக்கம் திரும்பும். அங்கே எதுவும் கேட்காது. அதுதான் பயமாக இருந்தது. ஒரு வீட்டில் சாதாரணமாகக் கேட்கும் பல்லிச் சத்தம், குழாய்ச் சத்தம்கூட அந்தச் சுவரிலிருந்து கேட்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிற ஆளைப் போல அது இருந்தது.

மறுபடி மழை பிடித்த நாளின் சாயங்காலம். மகளைப் பள்ளியிலிருந்து கணவன் கம்பெனி வேனில் கூட்டிவர வேண்டும். நேரம் தாண்டிவிட்டது. வானம் மூடி, வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. அப்போது அவனிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. அவன் செய்தி அனுப்புவதே அபூர்வம்.

“சப்வேல தண்ணி நிக்குது. வழியெல்லாம் அடைச்சுட்டான். மேப் போட்டு வேற பக்கமா வரோம். வீடு எங்க இருக்குன்னு இதுல போடத் தெரியல, உன் கடையைத்தான் போட்டிருக்கேன்.”

பின்னால் மகளின் குரல்: “அம்மா, இந்த மேப் பொம்பள தப்புத்தப்பாத் தமிழ் பேசறா!”

அவள் உடனே அழைத்தாள். மணி அடித்தது. அவன் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை. மேப்பை அணைத்துவிடுங்கள் என்று எழுதி அனுப்பினாள். அவன் பார்க்கவில்லை. உங்கள் காலில் விழுகிறேன் என்று எழுதினாள். பார்க்கவில்லை. எத்தனையோ வருடங்களாக எடுக்காமல் விட்ட அழைப்புகளில் ஒன்றைப் போல இதையும் அவன் விட்டுக்கொண்டிருந்தான்.

வாசலுக்கு ஓடினாள். மழை முகத்தில் அறைந்தது. தெருமுனை வெறிச்சோடிக் கிடந்தது. வேன் வெளிச்சம் வருகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

போன் ஒலித்தது. கணவன் எண். அதன் பக்கத்தில் சிவப்புப் புள்ளி.

“எங்க போய்த் தொலைஞ்ச? வீட்டைத் திறந்து போட்டுட்டு?”

தெரு காலி. வேன் இல்லை.

“யாரு இவங்கல்லாம்? உன் கடைக்கு வந்த கூட்டமா? ஹால் முழுக்க உக்காந்திருக்காங்க. சுவரோரம், தரைல எல்லாம். ஒருத்தர்கூட நகர மாட்டேங்கறாங்க.”

“வெளிய வாங்க. அவளைத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடி வாங்க.”

“என்ன உளர்ற?”

“நான் சொன்னேனே! அன்னைக்குச் சொன்னேனே! அதுதாங்க இது. தயவுசெஞ்சு வெளிய வாங்க!”

அவன் ஏதோ கடுமையாகச் சொல்ல வாயெடுத்து, நிறுத்தினான். திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். போனில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சுவரைத் தடவும் சத்தம். உள்ளங்கையால். இங்கிருந்து அங்கே. அங்கிருந்து இங்கே.

“வந்த கதவு எங்க?” என்றான்.

இருட்டுக் குழிகளில் தொங்கிப் பழகியவன். அந்தக் குரலில் இதற்குமுன் பயத்தை அவள் கேட்டதே இல்லை.

“உள்ரூம்ல விளக்கு எரியுது,” என்றான் மெதுவாக. “யாரோ நடக்கறாங்க. நீதானே? சொல்லேன், நீதானே?”

“நான் வாசல்ல நிக்கறேன். மழையில நிக்கறேன்.”

உள்ளே ஓடினாள். இரண்டு அறைகளுக்கும் நடுவிலிருந்த சுவரில் இரண்டு கைகளாலும் அடித்தாள். “கேக்குதா? இங்க இருக்கேன்! கேக்குதா?” சுண்ணாம்பு உதிர்ந்தது. கேட்கவில்லை என்றான். அழைப்பைத் துண்டிக்காமலே ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மேப்பைத் திறந்து, தன் கடைக்கே வழி கேட்டாள். அவர்கள் போன வழியில் போனால் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போகலாம் என்று தோன்றியது. ஒரு நீலக்கோடு விழுந்தது. தெருமுனை வரை ஓடி, திரும்பி, கோட்டின் மேலேயே நடந்தாள். வீடு. வாசல். கதவு. கண்ணை மூடிக்கொண்டு உள்ளே காலெடுத்து வைத்தாள்.

“நீங்கள் சேருமிடத்துக்கு வந்துவிட்டீர்கள்,” என்றது போன்.

கண்ணைத் திறந்தாள். அவளுடைய அறை. காலி.

ஸ்பீக்கரில் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஒன்றாக எழுந்திருக்கும் சத்தம். அப்புறம் கணவனின் குரல்.

“வந்துட்டியா,” என்றான்.

அவளிடம் சொல்லவில்லை. போனிலிருந்து விலகி, வேறு பக்கம் பார்த்துச் சொன்னான். கல்யாணமான புதிதில், வேலை முடிந்து வந்து கதவு திறந்ததும் இருக்குமே, அந்தக் குரல். அது எங்கோ செத்துப்போய்விட்டது என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தாள்.

“அது நான் இல்ல! அவகிட்ட போகாதீங்க! நான் இங்க இருக்கேன்!”

அந்தப் பக்கத்தில் அவன் போன் தரையில் விழுந்தது. யாரோ எடுத்தார்கள். சின்ன மூச்சு.

“அம்மா?”

“கண்ணு! நான்தான். அம்மாதான்.”

“அப்பா அழறார்மா. அம்மா வந்துட்டாங்கன்னு சொல்றார்.” மகள் குரலைத் தாழ்த்தினாள். “இவங்க உன்னை மாதிரியே இருக்காங்க. உன் நைட்டிதான் போட்டிருக்காங்க. என் தலையைத் தடவறாங்க. ஆனா…”

“ஆனா என்ன கண்ணு? சொல்லு.”

“என் பேரு என்னன்னு கேக்கறாங்க.”

வாட்ச்மேன் சொன்னது நினைவுக்கு வந்தது. எல்லாம் அக்கறையாகக் கேட்கிறார்கள். வங்கி வாசலில் அந்த ஊழியரின் முகம் வெறுமையானது நினைவுக்கு வந்தது. 

“சொல்லாத! எதுக்கும் பதில் சொல்லாத. அம்மாவுக்கு உன் பேரு தெரியாதா? தெரியாதவங்கதானே கேப்பாங்க? வாயை இறுக்க மூடிக்கோ, கண்ணு.”

“நான் சொல்லிட்டேனே,” என்றாள் மகள்.

மழை. அந்தப் பக்க மழை.

“பரவாயில்ல. பரவாயில்ல கண்ணு. அம்மா வரேன். அவங்க கையைப் பிடிக்காத.”

“நீதான் நிஜ அம்மாவா?”

“நான்தான். சத்தியமா நான்தான்.”

“அப்ப நீ சொல்லு. என் பேரு என்ன?”

அவள் வாயைத் திறந்தாள்.

மருத்துவமனையில், பஞ்சு மாதிரிக் கிடந்த காதுக்குள் மூன்று முறை சொன்னது. பள்ளிக்கூடச் சட்டையில் நூலால் அவளே தைத்தது. தினமும் வாசலில் நின்று தெரு கேட்கக் கத்துவது. முதல் எழுத்துக்காக உதடு குவிய வேண்டுமா விரிய வேண்டுமா என்று தெரியவில்லை. உதட்டைக் குவித்தாள். விரித்தாள். நாக்கு மேலண்ணத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. கொடியில் கிடந்த சீருடையை நோக்கி ஓடிச் சட்டைப் பையைத் திருப்பினாள். வெள்ளைத் துணி. தையல் பிரித்த மாதிரி வரிசையாக ஊசித் துளைகள்.

“அம்மா? சொல்லேன்.”

“கண்ணு… உன் பேரு… செல்லம், கொஞ்சம் இரு…”

மகள் காத்திருந்தாள். பொறுமையாகத்தான் காத்திருந்தாள். அவள் மூச்சு போனில் வந்து வந்து போனது.

அந்தப் பக்கத்திலிருந்து, இரண்டடி தள்ளி, ஒரு பெண் அன்பாகக் கூப்பிட்டாள். தையல்காரியின் சொந்தக் குரல். கூப்பிட்டது ஒரு பெயரைத்தான். அவள் காதில் அது தண்ணீருக்கடியிலிருந்து வரும் சத்தம் போல, எழுத்தாகாத சத்தமாக விழுந்தது.

“இதோ வரேம்மா!” என்றாள் மகள். பாதங்கள் ஓடும் சத்தம் கேட்டது.

அழைப்பு அறுபடவில்லை. உள்ளறையின் நடுவில் தையல்காரி போனைக் காதில் அழுத்திப் பிடித்தபடி நின்றாள். அந்தப் பக்கத்தில் மூன்று பேர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் வாய் திறந்தபடியே இருந்தது.